கம்ப்யூட்டர் கேள்வி–பதில்: எரர் வரவில்லை, 7-ஆம் நம்பரைக் காணோம்!

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்காக, டெலிவரி முகவரிகளைச் சீராக்கும் பைத்தான் புரோகிராம் எழுதுகிறேன். ‘தெ’ என்ற சுருக்கத்தை ‘தெரு’ ஆக்க வேண்டும். ‘தெற்கு’ போன்ற சொற்களும் வருவதால் நேரடியாக ரீப்ளேஸ் போட முடியவில்லை. மாற்ற வேண்டிய இடங்களை முதலில் ஒரு லிஸ்ட்டில் சேர்த்துவிட்டு, வரிசையாக மாற்றுகிறேன். ‘5 தெ, 7 தெ’ என்பது ‘5 தெரு, தெருதெ’ ஆகிவிடுகிறது. எரர் எதுவும் இல்லை. இதையே தலைகீழாக, ‘தெரு’வை ‘தெ’ ஆக்கும்படி ஜாவாவில் எழுதிய நண்பருக்கு மட்டும் இண்டெக்ஸ் எரர் வருகிறது. ஏன்?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இருவருக்கும் ஒரே கோளாறுதான். எண்ணிப் பாருங்கள். பைத்தானுக்கு ‘தெ’ ஒரு எழுத்தல்ல. ‘த’ ஒன்று, கொம்பு ஒன்று, ஆக 2. ‘தெரு’ 4. உங்கள் வரியில் ‘தெ’ இருப்பது 2-ஆம், 8-ஆம் இடங்களில் (எண்ணிக்கை 0-வில் தொடங்கும்). முதலாவதை மாற்றியதும் வரி 2 இடம் நீண்டுவிட்டது. இரண்டாவது ‘தெ’ 10-க்கு நகர்ந்துவிட்டது. லிஸ்ட்டில் இருப்பதோ பழைய 8. அங்கே இப்போது ‘7’-உம் அதை ஒட்டிய இடைவெளியும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு ‘தெரு’வை நுழைத்திருக்கிறீர்கள்.

நண்பருடைய வரி நீள்வதற்குப் பதில் சுருங்குகிறது. 14 இடமுள்ள வரி முதல் மாற்றத்திலேயே 12 ஆகிவிட, அவர் வரியிலிருந்து துண்டு வெட்டித் தரும் சப்ஸ்ட்ரிங்கிடம் 14-ஆம் இடத்தைக் கேட்கிறார், ஜாவா மறுக்கிறது. பைத்தானில் ஸ்லைஸ் (துண்டு வெட்டுவது) எல்லை தாண்டினாலும் எழுத்தே இல்லாத வெற்று ஸ்ட்ரிங்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். இண்டெக்ஸ் எரர் வருவது ஒற்றை எழுத்தை எண் போட்டுக் கேட்டால்தான். சத்தமில்லாத இந்தத் தவறுதான் ஆபத்து. பார்சல் வேறு வீட்டுக்குப் போன பிறகே தெரியும்.

சட்டென்று சரியாக வேண்டுமானால் லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டு, கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். வலப்பக்கம் எது நீண்டாலும் இடப்பக்க எண்கள் அசையாது. எங்கள் விருப்பம் வேறு: மூல வரியைத் தொடவே வேண்டாம். ‘முடிந்த இடம்’ என்று ஒரு வேரியபிளை 0-வில் தொடங்குங்கள். ஒவ்வொரு இடத்துக்கும், முடிந்த இடத்திலிருந்து அந்த இடம் வரையுள்ள துண்டைப் புது லிஸ்ட்டில் சேருங்கள்; அடுத்து ‘தெரு’வைச் சேருங்கள்; முடிந்த இடத்தை அந்த இடம் கூட்டல் 2 ஆக்குங்கள். லூப் முடிந்ததும் மீதித் துண்டைச் சேர்த்து ஜாயின் செய்யுங்கள். இந்த மீதித் துண்டைத்தான் பலரும் மறப்பார்கள். முகவரியின் வால் காணாமல் போகும்.

வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் துண்டு ‘தெ’தானா என்று ஒரு அசெர்ட் (பொய்யானால் புரோகிராமை நிறுத்திவிடும் சோதனை) வைத்துவிடுங்கள். வைத்திருந்தால் 8-ஆம் இடத்திலேயே புரோகிராம் நின்றிருக்கும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை) பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. சொல் எல்லைக்கான ‘பேக்ஸ்லாஷ் பி’யைத் தமிழுக்கு நம்ப வேண்டாம். பைத்தானின் ஆர்இ மாட்யூல் கொம்பு, கால், புள்ளியைச் சொல்லின் பகுதியாகவே எண்ணாது. அதனால் ‘தெ’யின் இருபுறமும் அதைப் போட்டால் ‘தெ,’ சிக்காது, ‘தெற்கு’ சிக்கும்! முன்னால் இடைவெளி, பின்னால் கமா, இடைவெளி அல்லது வரி முடிவு என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ‘கொருக்குப்பேட்டை’ என்பது வரியில் கண்ணெதிரே இருக்கிறது. அதன் இடத்தைத் தேடச் சொன்னால் ஃபைண்ட் மைனஸ் 1 தருகிறது. மாற்றினால் முகவரியே இரண்டு முறை வருகிறது.
— மாணவி, வியாசர்பாடி

பதில்: மைனஸ் 1 என்றால் ‘கிடைக்கவில்லை’. நீங்கள் அதைச் சோதிக்காமல் இடமாகவே பயன்படுத்துகிறீர்கள். பைத்தானில் மைனஸ் 1 கடைசி எழுத்தின் இடமும் ஆகும். எனவே கடைசிக் குறியீடு மட்டும் போன முழு முகவரி, புதுச்சொல், அதன் பின் முகவரியின் பெரும்பகுதி மறுபடியும் என்று ஒட்டிக்கொள்கிறது. ஃபைண்டுக்குப் பதில் இண்டெக்ஸ் என்ற மெத்தடைக் கூப்பிட்டால், கிடைக்காதபோது வேல்யூ எரர் வந்து அங்கேயே நிற்கும்.

கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ‘கொ’. அதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நீளத்தைச் சொல்லும் லென் போட்டுப் பாருங்கள்: ஒரு வகையில் 16, மற்றதில் 17. தேடும் சொல், தேடப்படும் வரி இரண்டையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகு தேடுங்கள். இடங்களைக் குறித்துவிட்டு நார்மலைஸ் செய்தால் எண்கள் மறுபடி நகர்ந்துவிடும்.

கேள்வி: ஜாவாவில் ரீப்ளேஸ் போட்டேன், வரி மாறவே இல்லை.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஜாவா ஸ்ட்ரிங்கை உள்ளேயே மாற்ற முடியாது; ரீப்ளேஸ் புது ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும். அதை வாங்கி வேரியபிளில் போடுங்கள்.