ஈரப்புல்லில் நடக்க எந்த பூட்ஸ் வாங்கலாம்?

கேள்வி: வேளாண் பட்டதாரியான நான், இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் மேற்பார்வையாளராகச் சேரவிருக்கிறேன். ஆண்டின் பெரும்பகுதி ஈரப்புல்லில் நடக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். காலணித் தயாரிப்புக்குப் பெயர்பெற்ற நார்தாம்ப்டன் நகரில் தயாரான ‘கன்ட்ரி பூட்ஸ்’ (கிராமப்புறத்தில் நடப்பதற்கான தடித்த தோல் பூட்ஸ்) ஒரு ஜோடி 500 பவுண்டுக்கு மேல் இருக்கிறது; பார்வைக்கு அதைப் போலவே உள்ள இன்னொன்று 120 பவுண்டுக்குக் கிடைக்கிறது. இந்த வித்தியாசம் எதற்கு? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: தரமான, எண்ணெய் ஏறிய தடித்த தோலாக இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் எளிதில் ஊறி உள்ளே வருவதில்லை. மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் விளிம்பின் வழியாகவும், லேஸுக்குப் பின்னால் உள்ள நாக்கின் இருபக்கத் திறப்புகளின் வழியாகவும்தான் அது முதலில் நுழைகிறது. நீங்கள் கேட்கும் விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. ஆகவே கடையில் மினுமினுப்பைப் பார்ப்பதை விட்டு, இவற்றைப் பாருங்கள்.

மலிவான பூட்ஸில் மேல்தோலை உள்ளே மடித்து, தரையில் படும் அடிப்பாகமான ‘சோல்’ என்பதைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். நார்தாம்ப்டன் பூட்ஸில் பெரும்பாலும் ‘குட்இயர் வெல்ட்’ முறை கையாளப்படுகிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் ‘வல்கனைஸ்’ முறைக்குப் பெயர்பெற்ற சார்ல்ஸ் குட்இயரின் மகன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கான தையல் இயந்திரத்தைப் பரப்பினார். டயர் நிறுவனத்துக்கும் இந்தத் தையலுக்கும் தொடர்பில்லை. பாதம் பதியும் உள்தளமான ‘இன்சோலின்’ அடியில் ஒரு மேடான விளிம்பு ஓடும். அந்த விளிம்பு, உள்தோல், மேல்தோல், ‘வெல்ட்’ எனப்படும் நீளமான தோல்பட்டை ஆகிய நான்கையும் ஒரு தையல் பக்கவாட்டில் பிணைக்கிறது. பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெல்ட்டையும் சோலையும் வேறொரு தையல் மேலிருந்து கீழாக இணைக்கிறது. சோலைத் துளைத்துக்கொண்டு கால் இருக்கும் இடம்வரை எந்தத் தையலும் போவதில்லை என்பதே இதன் சிறப்பு. இன்சோலுக்கும் சோலுக்கும் இடையே மிஞ்சும் பள்ளத்தைத் தக்கையால் நிரப்புகிறார்கள். சில வாரங்கள் அணிந்த பிறகு அந்தத் தக்கை உங்கள் பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக்கொடுக்கும்.

சாதாரண அலுவலக ஷூவில் வெல்ட் தட்டையாக இருக்கும். பெரும்பாலும் குதிகாலுக்கு முன்பே நின்றுவிடும். கன்ட்ரி பூட்ஸில் அது குதிகாலையும் சுற்றி வரும். அத்துடன் அதன் உள்விளிம்பு மேலெழுந்து, மேல்தோலின் மீது ஒரு சிறு கரைபோல அழுந்தி நிற்கும். இதற்கு ‘ஸ்டார்ம் வெல்ட்’ என்று பெயர். ஈரப்புல் உரசிச் செல்வது மிகச் சரியாக இந்த இடத்தில்தான் என்பதால், உங்கள் வேலைக்கு இது அலங்காரமல்ல. இதைவிடவும் உறுதியானது ‘வெல்ட்ஷூன்’ அமைப்பு: அதில் மேல்தோலை உள்ளே மடிக்காமல் வெளிப்புறமாக விரித்து அடிப்பாகத்தோடு சேர்த்துத் தைப்பதால், வழிந்து இறங்கும் நீர் இடுக்கில் தேங்காமல் வெளியே ஓடிவிடும். கிடைப்பது அரிது, விலையும் கூடுதல். தோட்ட வேலைக்கு ஸ்டார்ம் வெல்ட்டே போதும் என்பது என் கருத்து.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒட்டு பூட்ஸ் சிலவற்றில் அழகுக்காக வெல்ட் போன்ற ஒரு பட்டையைத் தைத்திருப்பார்கள்; மேலே தெரியும் அந்தத் தையல் ரப்பர் சோலின் அடியிலும் விளிம்பையொட்டிய பள்ளத்தில் தெரிகிறதா என்று திருப்பிப் பாருங்கள். உள்ளே கையை விட்டு இன்சோலின் ஓரத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே சுற்றிலும் தையல் தட்டுப்பட்டால், அது சோலிலிருந்து இன்சோல்வரை ஒரே தையல் துளைத்துச் செல்லும் ‘பிளேக்’ முறை. நகரத்துக்கு நல்லது, ஈர நிலத்துக்கு உதவாது.

நாக்கு இருபுறமும் மேல்தோலோடு மடிப்பாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படியிருந்தால் அந்தத் தையலின் உயரம்வரை நீர் உள்ளே வர வழியில்லை. மேலே வரிசையாகத் தெரியும் ‘ப்ரோக்’ துளைகளைக் கண்டு தயங்க வேண்டாம். அயர்லாந்து, ஸ்காட்லாந்துச் சதுப்புநில மக்கள் நீர் வடிவதற்காகக் காலணியில் துளையிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இன்றைய துளைகள் மேலடுக்கோடு நின்றுவிடுகின்றன.

சோலில் மூன்று வகைகளைக் காண்பீர்கள். தோல் சோல் ஈரப்புல்லில் வழுக்கும், தவிர்த்துவிடுங்கள். மார்க்கெட் ஹார்பரோவில் தயாராகும் ‘டைனைட்’ ரப்பர் சோலில் வட்டக் குமிழ்கள் இருக்கும். சேறு அதிகம் ஒட்டாது, வீட்டுக்குள்ளும் அழுக்கைக் கொண்டுவராது, ஆனால் சரிவில் பிடிப்பு குறைவு. ஆழமான பற்களைக் கொண்ட ‘கமாண்டோ’ சோலின் மூலவடிவம் மலையேறிகளுக்கானது: 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தோழர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, அதன் பின்னரே ரப்பர் சோலை உருவாக்கினார். பிடிப்பில் அதற்கு இணையில்லை. களிமண்ணை மட்டும் பற்களுக்கிடையே கட்டி கட்டியாகச் சுமந்து வரும். ஹெரிஃபோர்ட்ஷயரின் செங்களிமண்ணைக் கருதினால், தோட்டம் சமதளமாக இருந்தால் டைனைட், சரிவாக இருந்தால் கமாண்டோ என்பேன்.

அளவில் அவசரப்படாதீர்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகன்றிருப்பது இயல்பு. எண்ணைப் பெரிதாக்கினால் குதிகால் உள்ளே வழுக்கும். அதே எண்ணில் அகலம் கூடிய பொருத்தத்தைக் கேளுங்கள். கம்பளிக் காலுறையோடு, மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

நாள் முழுதும் மழையில் நிற்கும் தினங்களுக்கும் மருந்து தெளிக்கும் வேலைக்கும் 20, 30 பவுண்டு ரப்பர் பூட்ஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் தோல் பூட்ஸ் எதுவும் நிலைக்காது. நனைந்த தோலை ஹீட்டர் அருகில் வைத்தால் அது வறண்டு வெடிக்கும். செய்தித்தாளை உள்ளே திணித்து, நிழலில் ஓரிரு நாள் உலரவிட்டு, பிறகு மெழுகு கலந்த கொழுப்பை மெல்லியதாகப் பூசுங்கள்.

டிரிக்கர்ஸ், க்ராக்கெட் அண்ட் ஜோன்ஸ் போன்ற நார்தாம்ப்டன் நிறுவனங்கள் தேய்ந்த பூட்ஸைப் பழுதுபார்க்கப் பெற்றுக்கொண்டு, அது உருவான அதே பாதவடிவ அச்சுக்கட்டையில் ஏற்றிப் புதுச் சோல் போட்டுத் தருகின்றன. ஒட்டு பூட்ஸில் இத்தகைய மறுசீரமைப்புக்குப் பெரும்பாலும் வழியில்லை. சோல் முழுக்கத் தேய்ந்து வெல்ட்டே உராயும்வரை காத்திருந்தால் வெல்ட்டையும் மாற்ற வேண்டிவந்து செலவு கூடும். ரப்பரின் பற்கள் மட்டமாகத் தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள்.