பூஜ்யம் எந்த நாள்? வாசகர் கேள்வி–பதில்

கே: தெருநாய் என் மகனைக் கடித்தது வெள்ளிக்கிழமை இரவு, முதல் ஊசி போட்டது ஞாயிறு. அட்டையில் 0, 3, 7, 28 என்று எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனையிலிருந்து போனுக்கு வந்த மெசேஜோ அடுத்த ஊசிக்குத் திங்களன்றே வரச் சொல்கிறது. எதை நம்புவது?
– வாசகர், வில்லிவாக்கம்

ப: அட்டையை நம்புங்கள் சார். புதன்கிழமைதான் அடுத்த ஊசி (இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்தப் புதன் போயிருக்கும், அதனால் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன்). வெறிநாய்க்கடி தடுப்பூசியில் பூஜ்யம் என்பது முதல் ஊசி போட்ட நாள், கடிபட்ட நாள் அல்ல. அதற்காக ஞாயிறு வரை காத்திருந்தது சரியென்று ஆகிவிடாது. கடித்தவுடன் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஓட வேண்டும்.

மெசேஜ் அனுப்பிய மென்பொருள் ஏன் தப்பியது என்று யூகிக்க முடிகிறது. வழிகாட்டியில் '3ஆம் நாள்' என்றுதான் இருக்கும், எதிலிருந்து மூன்று என்பது நர்சுக்குச் சொல்லாமலே தெரியும், ஆனால் கணினிக்கு யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. 1990களின் கடைசியில் யுவால் ஷஹார், சில்வியா மிக்ஷ் குழுவினர் மருத்துவ வழிகாட்டிகளைக் கணினியில் எழுத ஆஸ்ப்ரு என்று ஒரு மொழி செய்தார்கள். அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் சீக்கிரமாக எப்போது தொடங்கலாம், தாமதமாக எப்போது தொடங்கலாம், முடிவதற்கும் அதே மாதிரி இரண்டு, குறைந்தபட்சம் எவ்வளவு நேரம், அதிகபட்சம் எவ்வளவு, இதெல்லாம் எந்த நிகழ்விலிருந்து எண்ணப்படுகிறது என்று எழுத இடம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் நம் ஆட்கள் காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காமல் எதையாவது போட்டுவிடுவார்கள்.

கே: தேதியில் நாளைக் கூட்டினால் முடிந்தது, இதற்குத் தனி மொழியெல்லாம் எதற்கு?
– ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: கூட்டிப் பாருங்களேன். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசி, குழந்தை பிறந்து 6, 10, 14 வாரங்களில். ஊருக்குப் போய்விட்டு வந்த அம்மா 9ஆம் வாரம்தான் குழந்தையைத் தூக்கி வருகிறார். பிறந்த தேதியோடு கூட்டும் உங்கள் நிரல் அடுத்த வாரமே இரண்டாவது ஊசி என்று சொல்லும். ஆனால் இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது 4 வாரம் வேண்டும், ஆக 13க்கு முன்னால் கிடையாது. பிறப்பிலிருந்து ஒரு கணக்கு, முந்தைய ஊசியிலிருந்து ஒரு கணக்கு, இரண்டும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட 'குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு' நிபந்தனைகளை ஒரு வலையாகக் கட்டி, அவை ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று குறுகிய பாதைக் கணக்கால் சோதிக்கலாம் என 1991இல் டெக்டர், மெய்ரி, பேர்ல் மூவரும் காட்டினார்கள். கல்லூரியில் படித்த ஃபிளாய்ட்–வார்ஷல் (எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறை) இங்கே உதவும்.

அப்புறம் மாதம். மே 31இல் பிறந்த குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. பிப்ரவரியில் 31 ஏது? நர்ஸ் அம்மா மார்ச் 1 அன்று "வந்துட்டீங்கல்ல, போட்டுடலாம்" என்பார். நிரலுக்கு அதையும் விதியாக எழுத வேண்டும்.

இதையெல்லாம்விட மோசமானது, நடந்த நேரமும் தட்டச்சு செய்த நேரமும் கலந்துபோவது. காலை 6 மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், 8க்கு இன்சுலின், லேப் முடிவைக் கணினியில் ஏற்றும்போது மணி 11. பதிவு நேரத்தை மட்டும் பார்க்கும் நிரல், இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை, இன்னும் கொடு என்று யோசனை சொல்லும். நோயாளியின் கதி? 1989இல் நியூயார்க் மாநிலத்து ஆர்டன் ஹோம்ஸ்டெட்டில் கூடிய கூட்டத்திலிருந்து பிறந்த ஆர்டன் சின்டாக்ஸ் என்ற, மருத்துவ விதிகளைக் கணினிக்கு எழுதும் மொழியில் ஒவ்வொரு அளவோடும் அதற்குரிய நேரம் ஒட்டியே இருக்கும். ஆனால் 11 என்று ஏற்றிக் கொடுத்தால் எந்த மொழியும் 6 என்று கண்டுபிடிக்காது.

கே: அப்பா டிபி மாத்திரையை நடுவில் சில நாள் விட்டுவிட்டார். 6 மாதம் முடிந்துவிட்டது, நிறுத்தலாமா?
– வாசகி, ராயபுரம்

ப: நிறுத்தாதீர்கள் அம்மா, நாளைக்கே மாத்திரை வாங்கிய மையத்துக்குப் போங்கள். வழக்கமான சிகிச்சை முதல் கட்டத்தில் 56 வேளை, இரண்டாம் கட்டத்தில் 112 வேளை. நாட்காட்டி ஓடிவிட்டால் கணக்கு முடிந்தது என்று ஆகாது, விட்ட வேளைகளைச் சேர்த்துப் போட்டு முடிக்க வேண்டும், எத்தனை என்பதை மருத்துவர் சொல்வார். டிபியை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே 1950களின் கடைசியில் நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். வீட்டில் சாப்பிடும் மாத்திரையை வீட்டில் இருப்பவர்தான் எண்ண வேண்டும், ஆகவே காலியான அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.