நர்சரியில் எந்தச் செடியை எடுப்பது?

அன்புள்ள ஐயா,

தொட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கும் போன்சாய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. குடியாத்தத்தில் மொட்டைமாடி உள்ள வீடு. வேலூர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் அரசு, புளி, ஊசியிலை மரமான ஜூனிபர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்தேன். ஜூனிபர் காய்ந்துவிட்டது. மற்றவை குச்சி குச்சியாக நிற்கின்றன, ஒன்றுகூட மரம் மாதிரி இல்லை. செடி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

இலையைப் பார்த்து வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நர்சரிக்காரர் முன்வரிசையில் வைப்பது பச்சைப்பசேலென்று நிமிர்ந்து நிற்கும் செடிகளை. வாசலில் வைக்க அவை சரி. நமக்கு வேண்டியது அடிமரம். இலை மறுபடி துளிர்க்கும், கிளையைக் கம்பி கட்டி வளைக்கலாம், வெட்டிவிட்டு வேறு கிளை வரவைக்கலாம். ஆனால் சின்னத் தொட்டிக்குள் போன செடிக்கு அடி பருக்க வருஷக்கணக்காகும்.

அதனால் அடுத்த முறை நேரே பின்பக்கம் போங்கள். விற்காமல் தங்கிப்போன கவர் செடிகள், நுனி ஒடிந்தவை, கோணலாகப் போனவை எல்லாம் அங்கேதான் கிடக்கும். விலையும் குறைத்துக் கேட்கலாம். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, மேல்மண்ணை ஓர் அங்குலம் விலக்கிப் பாருங்கள். அடி விரிந்து, வேர் நாலா பக்கமும் இறங்கியிருந்தால் அந்தச் செடியைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வேர் அடியைச் சுற்றி இறுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அடிமரம் மேலே போகப்போக மெலிகிறதா, கீழேயே ஒன்றிரண்டு கிளை இருக்கிறதா என்பதும் முக்கியம். இலையின் அடியிலும் கணுக்களிலும் மாவுப்பூச்சி இருந்தால் எவ்வளவு நல்ல அடியானாலும் வேண்டாம், மாடியில் இருக்கும் மற்றதற்கும் ஏறிவிடும். கிழங்கு போன்ற அடியோடு விற்கும் ஜின்செங் ஃபைகஸில் பெரும்பாலும் வேறு ரகத்தை ஒட்டியிருப்பார்கள். எனக்கு அந்த ஒட்டுத் தழும்பு பிடிப்பதில்லை.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் முதல் செடியாக ஆல் இனத்துக் கல்லிச்சியைத்தான் சொல்வேன். ஃபைகஸ் என்று கேட்டால் காட்டுவார்கள். இலை சிறியது, எங்கே வெட்டினாலும் துளிர்க்கும், வெயிலையும் தாங்கும். அடுத்தது காகிதப்பூ. வெட்டி வெட்டி அடி பருத்த பழைய செடியாகப் பார்த்து, கட்டையை அழுத்திப் பாருங்கள், சில சமயம் உள்ளே உளுத்திருக்கும். அதன் வேர் சட்டென்று அறுந்துவிடும், தொட்டி மாற்றும்போது மண்ணை முழுக்க உதறக் கூடாது. மூன்றாவது, ஃபுக்கியன் டீ என்ற பெயரில் விற்கும் செடி. அது நம் பக்கத்துப் புதர்க்காடுகளில் தானாக வளரும் குரங்கு வெற்றிலைதான். அதற்காக அமிர்தி பக்கம் போய்ப் பிடுங்கி வந்துவிடாதீர்கள், அது காப்புக்காடு.

ஜூனிபருக்குக் குளிர்காலம் வேண்டும், நம் சமவெளியில் தேறுவது கஷ்டம். வேர் செத்த பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். நீங்கள் வாங்கும்போதே அது போயிருக்கலாம்.

ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு போதும். பிடித்தது கிடைக்கவில்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள். வாங்கிய அன்றே தொட்டி மாற்றவும் வேண்டாம். கத்திரி முடிந்து, ஜூன், ஜூலையில் மழை விழுந்து புதுத் துளிர் ஓடும்போது மாற்றுங்கள். வெறும் செம்மண் தண்ணீரைக் கட்டிவைக்கும், பாதிக்குமேல் உடைத்த செங்கல் துண்டும் பருமணலும் கலந்துகொள்ளுங்கள்.

கையில் இருக்கும் புளியைத் தூக்கிப்போட வேண்டாம். பொடி இலை, போன்சாய்க்கு அருமையான மரம். நிலம் இருந்தால் தரையில் நட்டு, இல்லையென்றால் பெரிய தொட்டியில் வைத்து, கவாத்து எதுவும் செய்யாமல் சில வருஷம் வளரவிடுங்கள். அரசின் இலை பெரியது, காம்பும் நீளம். சின்ன மரமாக அது எடுபடாது. யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள்.