டெல்லியில் ஆள் பிடித்தால் ஊராட்சிக்கு நிதி வருமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் சுடுகாட்டுக்குப் போகும் பாதை மழைக்காலத்தில் முழங்கால் சேறு. சாலை கேட்டால், "மத்திய நிதி வந்திருக்கிறது, ஆனால் அதைத் தண்ணீருக்கும் சாக்கடைக்கும்தான் செலவு செய்யலாம்" என்கிறார் ஊராட்சிச் செயலர். பக்கத்து ஊராட்சிக்கு மட்டும் நாலு கோடி வந்ததாக யூடியூபில் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இதற்கிடையில் ஒருவர் வந்து, டெல்லி அமைச்சகத்தில் ஆள் இருக்கிறது, சிறப்பு ஒதுக்கீடு வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள் என்கிறார். ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து 20,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்த 20,000 பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலான விஷயம்.

உங்கள் செயலர் சொல்லும் பணம் நிதிக்குழு மானியம். மத்திய அரசின் வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழுதான் நிதிக்குழு. 15வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2021-22 முதல் 2025-26 வரைக்கும் வகுத்த பணம் அது, அந்த விதிகளைத்தான் இங்கே சொல்கிறேன். எந்த மாநிலத்தின் கிராமப்புறத்துக்கு எவ்வளவு என்பதை மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் என்று எடை போட்டுப் பிரித்துவிட்டார்கள். அந்தத் தொகை சென்னைக்கு வந்ததும் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்றாகப் பிரியும். கிராம ஊராட்சிகளுக்கு 70 முதல் 85 சதவீதத்துக்குள் போக வேண்டும் என்று எல்லையும் கட்டியிருக்கிறார்கள். அப்புறம், சுமார் 12,500 ஊராட்சிகளில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதும் சூத்திரக் கணக்குதான், அதிலும் மக்கள்தொகைதான் பெரும்பங்கு. இதில் எந்த இடத்திலாவது டெல்லியில் ஒரு அதிகாரி உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்து "சரி, இவங்களுக்குக் கொஞ்சம் கூடப் போடு" என்று எழுத முடியுமா? உங்கள் ஊர்ப் பெயர் இருக்கும் கோப்பே அவர் மேசைக்குப் போகாது.

பேரூராட்சி, நகராட்சிக்குக் கதை வேறு, அதை விடுங்கள்.

இந்த மாதிரி ஆட்களின் தந்திரத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உள்ளாட்சிக் கணக்கைத் தணிக்கை செய்த காலத்தில் நான் அதிகம் பார்த்தது பணம் குறைந்த ஊராட்சிகளைவிட ஏமாந்த ஊராட்சிகளைத்தான். நிதிக்குழு மானியம் வருடத்துக்கு இரண்டு தவணை, ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்பது திட்டம். இந்த ஆள் தவணை வருவதற்குச் சில வாரம் முன்னால் ஊருக்குள் வருவார். எல்லா ஊராட்சிக்கும் எப்படியும் வரப்போகிற பணம் உங்கள் கணக்கிலும் வந்து விழும், உடனே போன் போட்டு "சொன்னேனா இல்லையா, எங்கே என் பத்து சதவீதம்" என்பார். நீங்களும் அவர் வாங்கித் தந்தது என்றே நம்பிக் கொடுப்பீர்கள், அடுத்த ஊருக்கும் நீங்களே சிபாரிசு செய்வீர்கள். பணம் வராவிட்டால் சிங்க முத்திரை போட்ட ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கோப்பு நகர்கிறது, இன்னொரு ஐந்தாயிரம் என்பார். இதில் படித்த வகை ஒன்று உண்டு. அவர்கள் கமிஷனே கேட்க மாட்டார்கள், வேலையை மட்டும் எங்கள் ஒப்பந்ததாரருக்குக் கொடுங்கள், தெருவிளக்கையும் பிளீச்சிங் பவுடரையும் எங்களிடம் வாங்குங்கள் என்பார்கள். பத்து சதவீதமே பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு அதில் எடுத்துவிடுவார்கள்.

சரி, பக்கத்து ஊரின் நாலு கோடி. அந்த யூடியூப்காரர் எதையெல்லாம் கூட்டினார் என்று பார்த்தீர்களா? அந்த ஊர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை போனால் அது மத்திய அரசே நேரடியாகச் செய்யும் செலவு, ஊராட்சிக் கணக்கில் ஒரு பைசா ஏறாது. கிராமச் சாலைத் திட்டத்தில் 60 பங்கு மத்திய அரசு, 40 மாநிலம். வீட்டுக்கு வீடு குழாய் போடும் ஜல் ஜீவன் திட்டத்தில் நம் மாநிலத்துக்குப் பாதிக்குப் பாதி. பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் அடிப்படைத் தொகை 1.20 லட்சம், அதில் 72,000 மத்திய அரசு, 48,000 மாநிலம், அது பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. விவசாயிக்கு வருடம் 6,000 ரூபாய் வருவதும் அப்படித்தான். இதையெல்லாம் ஒரே வரியில் எழுதிக் கூட்டினால் எந்த ஊருக்கும் நாலு கோடி வரும். உங்கள் ஊருக்கும் அதேபோல் கூட்டிப் பாருங்கள், தொகையைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள்.

நிதிக்குழு மானியத்தை மட்டும் ஒப்பிட்டும் பக்கத்து ஊருக்கு இரண்டு மடங்கு என்றால் அங்கே ஆட்கள் அதிகம் என்று அர்த்தம், அதுவும் 2011 கணக்கெடுப்பின்படி. இதுதான் எனக்கு எரிச்சல். 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அதற்குள் நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில் வயலெல்லாம் மனையாகி, வீடுகள் பெருகி, குப்பையும் பெருகிவிட்டது. மானியம் மட்டும் பழைய தலைக்கணக்கில் வருகிறது. உங்கள் ஊர் அப்படி வளர்ந்த ஊர் என்றால் உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதற்குத் தீர்வு டெல்லி ஆளிடம் இல்லை.

இப்போது செயலர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னது பாதி உண்மை. நூற்றுக்கு 60 கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன தலைப்புக்கே செலவு செய்ய வேண்டிய பணம்; 40 கட்டில்லாத நிதி. ஒரு தவணையில் 10 லட்சம் வந்ததாக வைத்துக்கொள்வோம். 3 லட்சம் சுகாதாரத்துக்கு, அதாவது கழிப்பறை, குப்பை, கழிவுநீர். 3 லட்சம் குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும். மீதி 4 லட்சத்தைச் சம்பளம், அலுவலகச் செலவு தவிர ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவு செய்யலாம். உங்கள் சுடுகாட்டுப் பாதை இந்த 4 லட்சத்தில்தான் வர வேண்டும். ஆகவே அவரிடம் "நிதி வந்ததா" என்று கேட்காமல், "கட்டில்லாத நிதியை எதற்குச் செலவு செய்தீர்கள்" என்று கேளுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதை ஊர் ஊராகத் தப்பாகச் சொல்லித் திரிகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். குடிநீர்த் தேவை முழுமையாகத் தீர்ந்துவிட்டது, இனி அந்தத் தலைப்பில் செலவே இல்லை என்றால், அந்த 3 லட்சத்தைச் சுகாதாரத்துக்கு மாற்றலாம். சுகாதாரத் தேவை தீர்ந்திருந்தால் அந்த 3 லட்சத்தைக் குடிநீருக்கு மாற்றலாம். தேவை தீர்ந்தது என்று கிராம சபை சான்று சொல்ல வேண்டும், அதை மேலே இருக்கும் அதிகாரி அல்லது மாநில அரசு உறுதி செய்ய வேண்டும். அவ்வளவுதான். மாற்றம் இந்த இரண்டு தலைப்புக்குள்ளேதான். "கிராம சபையில் தீர்மானம் போட்டால் தண்ணீர்ப் பணத்தில் ரோடு போடலாம்" என்று உங்களிடம் யாராவது சொன்னால் அது பொய். சாலையோரம் கழிவுநீர் வாய்க்கால் கட்டலாம், அது சுகாதாரம். வாய்க்கால் என்று எழுதிவிட்டு அந்தப் பணத்தில் தார் ஊற்றினால் தணிக்கையில் மாட்டும், மாட்டினால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வது கையெழுத்துப் போட்டவரைத்தான். தீர்மானம் எழுதிக் கொடுத்த ஆலோசகர் அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார். இரண்டு தலைப்பும் தீர்ந்துவிட்டது என்று ஒரே கூட்டத்தில் சான்று கொடுத்து 6 லட்சத்தையும் விடுவித்துக்கொள்ளப் பார்த்தவர்களும் உண்டு. அது நடக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், செயலரைத் திட்டுவதற்கு முன். இந்த மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிக்குத்தான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை நம் ஊர்களில் தேர்தலே நடக்கவில்லை, அப்போது மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு மறுபடி பதவிக்காலம் முடிந்து, தலைவர்களுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் வந்தார்கள். தேர்தல் நடத்தாதது மேலே இருப்பவர்கள், குழாயில் தண்ணீர் வராமல் தவிப்பது நீங்கள். தேர்தல் நடந்த வருடங்களில் மட்டும் ஒழுங்கா? டெல்லியிலிருந்து வந்த பணத்தை மாநிலம் 10 வேலை நாளுக்குள் கீழே அனுப்ப வேண்டும், தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்று விதி. ஆனால் மேலிருந்து தவணையே தாமதமாக வந்தால் யார் வட்டி கொடுப்பது? கடைசி மாதத்தில் பணத்தைத் தள்ளிவிட்டு "ஏன் செலவு செய்யவில்லை" என்று கேட்பார்கள். புரோக்கர் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

செலவை நீங்களே பார்க்கலாம். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் பட்டுவாடா விவரமும் வரும், படித்த பிள்ளை யாரையாவது உட்காரவைத்துப் பாருங்கள். முதலில் திட்டத்தைப் பாருங்கள். சுடுகாட்டுப் பாதை அதில் இல்லையென்றால் எத்தனை மனு கொடுத்தும் பணம் வராது. அடுத்த கிராம சபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதில் எது முதலில் வருகிறதோ அதில்) அதைத் தீர்மானமாக எழுதவைத்து, நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள், இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. விவரம் தராவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பாதைக்கு வேறு வழியும் உண்டு. உங்கள் எம்.பி.க்கு வருடத்துக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கிறது. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு அது சோளப்பொரிதான், ஆனாலும் கேளுங்கள். அவர் பரிந்துரை செய்வார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார், பணம் அரசுத் துறை வழியாகவே போகும். ஊர்க் கமிட்டி கையில் எம்.பி. நிதி தருகிறேன் என்று எவராவது சொன்னால் அங்கேயே வாசலைக் காட்டுங்கள். ஊர்ப் பொதுப்பணம் மிச்சம் இருக்கிறது என்றால் மாநில அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்காகக் கட்டிக் கேட்கலாம். அதையும் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, ரசீதோடு கட்டுங்கள்.

அந்த 20,000. அரசு ஊழியரை வளைப்பதற்காக இன்னொருவரிடம் பணம் கொடுத்தாலும், 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுத்தவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் 7 நாளுக்குள் போலீசிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் செய்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஏழு நாள் தாண்டவில்லை என்றால் இதைப் படித்ததும் கிளம்புங்கள். தாண்டியிருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, அந்த வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு மோசடிப் புகார் கொடுங்கள். இடையில் அந்த ஆள் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.