கதவைத் தட்டவா, குரூப்ல போடவா? - அக்கம்பக்கம் கேள்வி பதில்

கே: மேல் வீட்ல நைட் பத்தரை மணிக்கு மேல தான் கிரைண்டர் போடறாங்க. எங்க பெட்ரூம் வரைக்கும் கேக்குது, பையனுக்கு பிளஸ் டூ வேற. "நைட்ல சத்தம் வேண்டாம் ப்ளீஸ்"னு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல பொதுவா போட்டு பாத்தேன், வெறும் தம்ஸ்அப் தான் வருது. போலீஸ்ல சொல்லலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

ப: அந்த தம்ஸ்அப்ல ஒண்ணு மேல் வீட்டுக்காரங்களோடதா இருக்கும், வேணும்னா போய் பாருங்க! பொதுவா போட்டா ஒவ்வொருத்தரும் வேற யாரையோ சொல்றாங்கன்னு தான் நினைப்பாங்க.

சட்டம்னு பாத்தா இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள் படி நைட் 10ல இருந்து காலைல 6 வரைக்கும் இரவு நேரம், குடியிருப்பு பகுதில 45 டெசிபல் தான் அளவு, பகல்ல 55. ஆனா கிரைண்டருக்கெல்லாம் போலீஸ கூப்பிட்டா அவங்க வர்றதுக்குள்ள மாவ வழிச்சு கல்லையும் கழுவி வெச்சிருப்பாங்க, அதுக்கப்புறம் லிஃப்ட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியாது.

விஷயம் என்னன்னா மேல இருக்கவங்களுக்கு அது பெரிய சத்தமாவே தெரியாது, ஏன்னா கிரைண்டரோட அதிர்வு காத்துல வர்றத விட தரை வழியா ஸ்லாப்ல இறங்கி தான் உங்களுக்கு வருது, உங்க சீலிங்கே ஸ்பீக்கர் மாதிரி ஆயிடுது. அதனால சத்தம் கேக்கறப்போ கோவமா மேல ஏறாதீங்க. மறுநாள் சாயங்காலம் போங்க, பையன் பரீட்சைய சொல்லுங்க, அவங்க பக்கத்தையும் கேளுங்க. வேலைக்கு போயிட்டு எட்டரைக்கு வீட்டுக்கு வர்றவங்களா இருக்கலாம், ராத்திரி அரைச்சா தான் காலைல மாவு புளிச்சிருக்கும். கிரைண்டர ஓட விட்டுட்டு ரெண்டு நிமிஷம் கீழ வந்து கேட்டு பாக்க சொல்லுங்க, அதுக்கு மேல நீங்க எதுவும் விளக்கவே வேணாம். அடில கனமான ரப்பர் மேட், முடிஞ்சா ஒன்பது மணிக்குள்ள அரைக்கறது, இது போதும். மூணு நாளைக்கு சேத்து அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சா இன்னும் நல்லது (தினமும் மாவு அரைக்கற வீடு இப்பவும் இருக்குங்கறதே எனக்கு ஆச்சரியம்).

கே: நாய லிஃப்ட்ல கூட்டிட்டு போக கூடாதுன்னு அசோசியேஷன் மீட்டிங்ல மெஜாரிட்டியா முடிவு பண்ணிட்டாங்க. நாங்க நாலாவது மாடி.
- வாசகர், கோவை

ப: மெஜாரிட்டி இருந்தாலும் அப்படி தடை போட முடியாதுன்னு இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லயே சொல்லியாச்சு, அந்த வழிகாட்டுதல பிரின்ட் எடுத்து செகரட்டரி கிட்ட குடுங்க. ஆனா ஒண்ணு சார், உள்ள சின்ன குழந்தையோ பயப்படறவங்களோ இருந்தா "நீங்க போங்க, நான் அடுத்த தடவ வரேன்"னு சொல்லுங்க. பெல்ட் கைல இருக்கணும், அசிங்கம் பண்ணா அள்ள பை எப்பவும் பாக்கெட்ல இருக்கணும். மீட்டிங்ல நிறைய பேர் கை தூக்கினது நாய் மேல இருக்க கோவத்துல இல்ல, காலைல செருப்புல மிதிச்ச கோவத்துல தான்.

கே: லாரி தண்ணி வாங்கற வீட்ல ஒருத்தர் தினமும் ஹோஸ் போட்டு கார் கழுவறார்.
- வாசகி, மேடவாக்கம்

ப: 2019 கோடைல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு சென்னைக்கு தண்ணி தர்ற நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு போயி குடத்தோட வரிசைல நின்ன ஊர் இது, அதுக்குள்ள மறந்துட்டாரா! தனியா அவர் கிட்ட சண்டை வேணாம். கார் கழுவ ஒரு பக்கெட், ஈரத்துணி, ஹோஸ் யாருக்கும் கிடையாதுன்னு எல்லாருக்கும் சேத்து முடிவு பண்ணுங்க. லாரி பில்ல மாசா மாசம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

கே: எதிர் வீட்டு தாத்தா நேத்து காலமாயிட்டார். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல பொண்ணுக்கு வளைகாப்பு, எல்லாரையும் கூப்பிட்டாச்சு. தள்ளி வைக்கணுமா? எப்படி நடந்துக்கறதுன்னே தெரியல.
- வாசகி, திருச்சி

ப: தள்ள வேணாம்னு தான் தோணுது, ஆனா அத அவங்க வாயால வரட்டும். இன்னைக்கு வளைகாப்பு பேச்சே எடுக்காதீங்க. இப்ப அந்த வீட்ல அடுப்பு பத்த வெச்சிருக்க மாட்டாங்க, வெளியூர்ல இருந்து ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. காபி, இட்லி, ஒரு குண்டான் ரசம் சாதம்னு நீங்க நாலு வீடு சேந்து பிரிச்சுக்கோங்க. கேக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, துக்க வீட்ல யாரும் வாய் விட்டு கேக்க மாட்டாங்க. உங்க பாத்ரூம், ஃபோன் சார்ஜர், பிளாஸ்டிக் சேர் எல்லாம் அவங்க சொந்தக்காரங்களுக்கு திறந்து விடுங்க. கீழ உங்க வண்டிய எடுத்து வேற இடத்துல போட்டா ஃப்ரீசர் பாக்ஸ் வண்டி உள்ள வரும். நிறைய ஃப்ளாட்ல லிஃப்ட் சின்னது, ஸ்ட்ரெச்சர படுக்க வெச்சு கொண்டு போக முடியாது, படி வழியா தான் இறக்கணும், அப்ப பிடிக்க நாலு பேர் வேணும், உங்க வீட்டு ஆம்பளைங்கள அங்கயே நிக்க சொல்லுங்க.

எடுக்கறதெல்லாம் முடிஞ்சு ரெண்டு நாள் போகட்டும், அப்புறம் அந்த வீட்டு பெரியவங்க யாராவது ஒருத்தர் கிட்ட போய் "ஞாயித்துக்கிழமை வெச்சிருந்தோம், என்ன பண்ணட்டும் சொல்லுங்க"னு கேளுங்க. அனேகமா "நல்ல காரியம், தாராளமா பண்ணுங்கம்மா"னு தான் சொல்லுவாங்க. சொன்னாலும் வாசல்ல ஸ்பீக்கர் வேணாம், கூட்டத்த மொட்டை மாடிக்கோ பக்கத்துல ஒரு சின்ன ஹாலுக்கோ மாத்திடுங்க, காரிடார்ல செருப்பு அவங்க வாசல் வரைக்கும் போகாம பாத்துக்கோங்க. அவங்க தீட்டு காக்கறதால விசேஷத்துக்கு வர மாட்டாங்க, வாங்கன்னு வற்புறுத்த வேணாம். மறுநாள் நீங்களே போய் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க.