விளிம்பில் ஒரு மனு

*வணக்கம். பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டின் மாதிரித் தங்க நாணயம் ஒன்று 2020இல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது என்று படித்தேன். புழக்கத்துக்கே வராத காசுக்கு ஏன் இவ்வளவு விலை? அதில் அவர் இடப்பக்கம் பார்ப்பது தவறுதலா? இத்தகைய காசுகளில் முதலீடு செய்யலாமா?*
*க., மதுரை*

அன்புள்ள க.,

தவறுதல் இல்லை. ஒரு மன்னர் இடப்பக்கம் பார்த்தால் அடுத்தவர் வலப்பக்கம் பார்ப்பது இரண்டாம் சார்லஸ் காலத்து வழக்கம். அதன்படி எட்வர்டு வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வகிடு தெரியும் இடப்பக்கம்தான் தனக்கு லட்சணம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். 1936 டிசம்பரில் முடி துறந்தார். காசுகள் மாதிரியோடு நின்றன. அபூர்வம் என்பதால்தான் அந்த விலை. முதலீடு பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் மன்னர் இருக்கிறார், விலை இருக்கிறது. அந்த முகத்தை உருவாக்கிய ஹம்ஃப்ரி பேஜெட் எங்கே? படிக்கிற பிள்ளை நீங்கள், நீங்களுமா? காசைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சில வாரங்களாக தாமஸ் சைமன்தான் என் நினைப்பில். இங்கிலாந்தில் மன்னராட்சி இல்லாத காலத்தில் ஆண்ட குரோம்வெல்லுக்குக் காசு வெட்டிக் கொடுத்தவர். மன்னராட்சி திரும்பியதும், புதிய நாணயங்களின் வேலை ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஜான் ரோட்டியர்ஸுக்குப் போய்விட்டது. சைமன் 1663இல் மாதிரிக்கு க்ரௌன் என்ற வெள்ளிக் காசு ஒன்றை வெட்டினார். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்கத்தான் விளிம்பில் எழுத்துப் பொறிப்பார்கள். அவர் அந்த இடத்தில் இரண்டு வரியாக, மன்னர் இரண்டாம் சார்லஸுக்குத் தன் மனுவைப் பொறித்தார். டச்சுக்காரரின் (ரோட்டியர்ஸைத்தான் சொல்கிறார்) காசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், இது மேலாக இருந்தால் என் குறையைத் தீருங்கள் என்று. காசை விரலிடுக்கில் சுற்றிச் சுற்றித் திருப்பினால்தான் முழுதும் படிக்க முடியும். அவ்வளவு பொடி எழுத்து, அவ்வளவு சுத்தம். வேலை கிடைக்கவில்லை. 1665இல் லண்டனில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் இறந்துபோனார்.

எங்கள் தெருவுக்குப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் வருவார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய சீர்ப் பாத்திரங்களை எல்லாம் திண்ணையில் பரப்பி, சின்ன உளியால் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். முதல் குடத்தின் கழுத்தில் அக்கா பெயரை முடித்ததும், யாரும் கேட்காமலே பக்கத்தில் ஒரு பூ வைத்தார்.

“பூவுக்கெல்லாம் காசு தர மாட்டேன்” என்றார் அம்மா.

அவர் சரி என்று தலையாட்டினார். அப்புறம் அடுத்த குடத்தை மடியில் எடுத்து வைத்து, அதிலும் பூ வைத்தார்.