"நீ எங்கே போயிருந்தே?"

(அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் 31 வருஷம் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் குழந்தைகளுக்குப் படும் அடியும் காயமும்.)

சிஸ்டர், என் மகளுக்கு ஒரு வயசு எட்டு மாசம். ரெண்டு மாசத்துக்கு முன்னால் டீப்பாயில் டீயை வைத்துவிட்டு, சிலிண்டர் வந்திருக்கிறதென்று கதவைத் திறக்கப் போனேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. டம்ளரை இழுத்து நெஞ்சிலும் இடது கையிலும் கொட்டிக்கொண்டாள். மாமியார் ஓடிவந்து இட்லி மாவை அள்ளிப் பூசினார். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போது அவள் கத்தியது இன்னும் காதிலேயே நிற்கிறது. புண் ஆறிவிட்டது, கையில் மட்டும் சிவப்பாகத் தடம் இருக்கிறது. "நீ எங்கே போயிருந்தே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே தடவைதான். எனக்குத் தினமும் கேட்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. டம்ளர் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையா?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

கதவைத் திறக்கப் போயிருந்தீர்கள். சிலிண்டர் வந்தால் யாராவது போய்த் திறக்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு அதற்குமேல் பதில் கிடையாது, தாயி.

முதலில் தடத்தைப் பார்ப்போம். தீப்புண் தழும்பு அடங்கி நிறம் மங்க ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். அதுவரை வெயில் படாமல் முழுக்கைச் சட்டை போடுங்கள். தோல் முழுதாக மூடியிருந்தால் தினம் இரண்டு வேளை தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடலாம். தடம் தடித்துக்கொண்டு வந்தாலோ, மணிக்கட்டை மடக்கும்போது இழுத்துப் பிடித்தாலோ மட்டும் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாமியாரையும் கோபிக்காதீர்கள். சுட்ட இடம் குளிர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது சரியான அறிவு. எடுத்த பொருள்தான் தப்பு. மாவு, பேஸ்ட், மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் கூடாது. குழாயைத் திறந்து அதன் அடியில் 20 நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். 20 நிமிஷம் என்பது அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஒரு யுகம். அதனால்தான் எல்லாரும் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உடனே முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் ஊற்றினால் பலன் உண்டு. ஒட்டாத துணியைக் கழற்றிவிடுங்கள், ஒட்டிக்கொண்டதை இழுக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பிள்ளையின் உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்திருந்தாலும், முகம், கை, கால், மறைவிடம், மூட்டு இவற்றில் எங்கே பட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

இனி உங்கள் தூக்கம். என் கதை ஒன்று சொல்கிறேன். 1989. நான் வேலையில் சேர்ந்து ஆறு வருஷம், நைட் டூட்டிக்குக் கிளம்புகிற அவசரம். தரையில் உட்கார்ந்து சோற்றுப் பானைக்கு வடிதட்டு போட்டுச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வயசு மகன் பின்னாலிருந்து வந்து என் தோளைப் பிடித்து எட்டிப் பார்த்தான், வழுக்கி, கஞ்சிச் சட்டியில் கையை வைத்துவிட்டான். டீயாவது வழிந்து ஓடிவிடும். கஞ்சி தோலோடு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். வார்டில் நூறு பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். அன்றைக்குக் கரண்டியைப் பிடித்தபடி கத்திக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் தையல் தைக்கிற அக்கா ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினார். அந்த அக்கா பள்ளிக்கூடமே போனதில்லை. என் மாமியார் இங்க் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் என் வார்டிலேயே என் பிள்ளைக்குக் கட்டுப் போடும்போது கூடவேலை பார்க்கிறவர் கேட்டார்: "நர்ஸ் வீட்டுப் பிள்ளைக்கே இப்படியா? நீங்க எங்கே போயிருந்தீங்க?" நான் எங்கேயும் போகவில்லை. அரை அடி தூரத்தில்தான் இருந்தேன். பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மாசம் சோறே வடிக்கவில்லை. குக்கர் வாங்கினோம். பிறகு எங்கள் ஹெட் நர்ஸ் ஒரு நாள் டூட்டி ரூமில் உட்காரவைத்து, "முழுசாச் சொல்லு" என்றார். சொல்லிக்கொண்டே வந்து கஞ்சிச் சட்டியோடு நிறுத்திவிட்டேன். "அப்புறம்?" என்றார். அப்புறம் அக்கா தூக்கினார். "அப்புறம்?" ஆட்டோ வந்தது. "அப்புறம்?" ஆஸ்பத்திரி வாசலில் பன் வாங்கிக் கொடுத்தோம், இடது கையால் தின்றான். பன் வரைக்கும் வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குத் தூங்கினேன். உங்கள் மனசு டம்ளர் சாய்கிற இடத்திலேயே நின்றுபோயிருக்கிறது. நம்புகிற ஒருவரிடம் முழுதாகச் சொல்லுங்கள், மகள் மறுபடி சிரித்த நாள் வரைக்கும் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கு இரண்டு மாசம் ஆகிவிட்டது. இவ்வளவு நாள் தூக்கமும் இல்லாமல் நடுக்கமும் இருந்தால் பேச்சு மட்டும் போதாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிப்பார் என்றால் அவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் பயத்தில் கேட்டுவிட்டீர்கள், தெரிகிறது. இன்னொரு தடவை பேசுங்கள், இந்தத் தடவை "உனக்கு எங்கேயாவது பட்டுச்சா?" என்று கேளுங்கள். இரண்டு மாசமாக அதை யாரும் கேட்கவில்லை. அப்படியே அந்த டீப்பாயைத் தூக்கிப் பரணில் போடுங்கள். போட்டு 15 நிமிஷம் ஆன டீகூட அந்த வயசுத் தோலை வேகவைத்துவிடும்.

ஒன்பது மாசப் பேரன் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து நெற்றி புடைத்துவிட்டது. உடனே அழுதான், பால் குடித்தான். மகள் சென்னையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ஸ்கேன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இவள் பிள்ளையை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. நாங்களெல்லாம் தேய்த்துவிட்டு, "தரையா உன்னை அடிச்சது, தரையை அடி" என்று சொல்லி வளர்த்தவர்கள். யார் செய்தது சரி?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

டாக்டர் செய்தது சரி, அம்மா. கட்டில் இரண்டடி உயரம் இருக்கும். இரண்டு வயசுக்குள் உள்ள பிள்ளை மூன்றடிக்கு மேலிருந்து விழுந்தால்தான் உயரத்தை வைத்தே பயப்பட வேண்டும். அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து, யாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்று 2009இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எங்கள் டாக்டர் அதைக் காகிதத்தில் எழுதி காஷுவால்டி சுவரில் ஒட்டியிருந்தார். நினைவு தப்பவில்லை, எலும்பு உள்வாங்கவில்லை, புடைப்பு நெற்றியில்தான், அம்மா பார்வைக்குப் பிள்ளை எப்போதும்போல இருக்கிறது என்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். சின்னத் தலைக்குள் கதிர்வீச்சை வீணாக விடக் கூடாது. அந்தக் கணக்கில் அம்மாவின் பார்வைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தூங்கவிடலாம். தூங்குகிற நேரத்தில் தூங்கினால் அது தூக்கம்தான். இடையில் ஓரிரு தடவை தொட்டு அசைத்து, சிணுங்குகிறானா என்று பார்த்தால் போதும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீரோ ரத்தமோ வருவது, தலையின் பக்கவாட்டில் கொழகொழவென்று வீக்கம் – இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள், நேரம் பார்க்க வேண்டாம். புடைப்பைத் தேய்க்காதீர்கள், உள்ளே ரத்தம் இன்னும் பரவும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் போதும்.

தரையை அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளைக்காகத் தரையை அடிக்கிற வீட்டில், அம்மாவுக்கு மட்டும் சொல்லடி விழுகிறது, அதுதான் கணக்கு உதைக்கிறது.

கீழே விழுந்து சிராய்த்தால் ஒவ்வொரு தடவையும் டிடி ஊசி போட வேண்டுமா?
– எஸ்., தர்மபுரி

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் போட்டது, ஒன்றரை வயசில் பூஸ்டர், 5 வயசில் இன்னொன்று, எல்லாம் ஆகியிருந்தால் வீட்டுமுற்றத்துச் சிராய்ப்புக்கெல்லாம் ஊசி வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும். சாணி, துருப்பிடித்த ஆணி, ஆழமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டிவிட்டதா என்று பார்த்துப் போடுவார்கள்.

பனியன் கம்பெனியில் வேலை. ஐந்து வயசு மகனைப் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது குதிகால் பைக் சக்கரத்தில் மாட்டிவிட்டது. முதல் நாள் சிராய்ப்பு மாதிரிதான் இருந்தது. நாலாம் நாள் தோல் கறுத்து, கடைசியில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். இப்போது நடக்கிறான். யாரிடமும் சொல்லாத ஒன்று: சாரி கார்டு லொடலொடவென்று சத்தம் போடுகிறதென்று முந்தின வாரம் நான்தான் கழற்றிப் போட்டேன். மனைவிக்குத் தெரியாது.
– ஒரு அப்பா, திருப்பூர்

தம்பி, ஸ்போக்ஸில் மாட்டிய கால் அப்படித்தான் ஏமாற்றும். வெளியே கீறல் மட்டும் தெரியும். உள்ளே தோலும் சதையும் நசுங்கி ரத்த ஓட்டம் போயிருக்கும், அது வெளியே தெரிய நாலைந்து நாள் ஆகும். இதைப் படிக்கிற மற்றவர்கள், காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே காட்டி எக்ஸ்ரே எடுங்கள், மறுபடி மூன்றாம் நாளும் காட்டுங்கள்.

கார்டு விஷயத்தில் உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். கழற்றியது தப்பு. பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. விருதுநகர் அம்மா மேல் தப்பில்லை, உங்கள் மேல் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி, யார் மேலும் தப்பில்லை என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்தத் தப்பின் அளவு ஒரு கார்டு. மூன்று நட்டு, ஒரு மெக்கானிக், அரை மணி நேரம். முதலில் மாட்டுங்கள், பிறகு மனைவியிடம் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். நீங்கள் சொல்லாமல் மூடிவைத்து, வண்டியைத் தொடும்போதெல்லாம் எரிந்து விழுவதைவிட அது மேல். நாலு வயசுக்கு மேல் ஹெல்மெட்டும் கட்டாயம், மகன் தலைக்குச் சரியான அளவில் வாங்குங்கள். உங்களுடையதைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

ஏழு மாசக் குழந்தை என் கணவர் மடியிலிருந்து நழுவி விழுந்து கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தது என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள். என்னைத் தனியாக, அவரைத் தனியாக. உடம்பு முழுக்கத் துணியை எடுத்துப் பார்த்தார்கள். நாங்கள் என்ன குழந்தையை அடிக்கிறவர்களா? அந்த அவமானம் போகவில்லை.
– ஆர்., நாகர்கோவில்

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன், முகத்தைப் பார்க்க முடியாது. ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் இல்லாவிட்டால்தான் அதிசயம். ஆனால் தவழக்கூடத் தொடங்காத பிள்ளைக்கு எலும்பு முறிந்தாலோ, காதிலும் கழுத்திலும் முதுகிலும் கன்றியிருந்தாலோ கேட்டே ஆக வேண்டும். உங்களை மட்டும் கேட்கவில்லை. எல்லாரையும் கேட்டால்தான், கேட்க வேண்டிய ஒருவர் தப்பிக்க மாட்டார். ஒருமுறை நல்ல சேலை கட்டி, மரியாதையாகப் பேசிய குடும்பம் என்று நாங்கள் கேட்காமல் விட்டோம். அந்தக் குழந்தை இரண்டாம் முறை வந்தது. அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

ஆனாலும் முதலிலேயே "இது எல்லாரிடமும் கேட்பது" என்று ஒரு வார்த்தை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாதது எங்கள் ஆட்களின் தப்பு. கணவரிடம் கேளுங்கள், அவர் பிள்ளையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாரா என்று. இல்லையென்றால் இன்றைக்கே தரையில் பாய் போட்டு உட்காரச் சொல்லி, கையில் கொடுங்கள்.

எட்டு வயசு மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கை முறிந்து, மாவுக்கட்டுப் பிரித்து இரண்டு மாசம் ஆகிறது. டாக்டர் எல்லாம் செய்யலாம் என்றுவிட்டார். மறுபடி ஏறணும் என்கிறான். எனக்கு அடிவயிறு கலங்குகிறது.
– ஜே., திண்டுக்கல்

டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் ஏறட்டும். நீங்கள் கீழே நில்லுங்கள், ஆனால் "விழுந்துடுவே, விழுந்துடுவே" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்கிற பிள்ளை காலைப் பார்க்காமல் உங்களைப் பார்ப்பான். "அடுத்த காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், மழை பெய்த அன்றைக்கு வேண்டாம். கொய்யாக் கிளை வளைந்து கொடுக்கும், சட்டென்று ஒடியாது. கொல்லையில் முருங்கை இருந்தால், அதில் மட்டும் கால் வைக்கக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.